வலது பக்க வெயிட் பாக்கெட் மட்டும் ஏன் நழுவுது? (பேக்பிளேட் ஹார்னஸ்)

புதுத்துடுப்பு · நவம்பர் 2, இரவு 10:15

ஸ்கூபா டைவிங் கிட். அலுமினிய பேக்பிளேட் (டேங்கை முதுகில் தாங்குற தகடு), அதில் ஒரே துண்டா ஓடுற 2 இன்ச் பட்டைதான் ஹார்னஸ், இடுப்பில் பக்கத்துக்கு ஒரு வெயிட் பாக்கெட் (ஈயம் போடுற பை). பெங்களூரு நீச்சல் குளத்தில் பக்கத்துக்கு 1 கிலோ போட்டப்ப அசையவே இல்லை. முருடேஸ்வர் பக்கம் நேத்ராணி தீவுக் கடலில் பக்கத்துக்கு 2 கிலோ. தண்ணிக்குள்ள படுத்ததும் வலது பாக்கெட் வயித்துப் பக்கம் இறங்கி வந்து பக்கிளை மறைச்சுக்குது. இடது நகரலை. ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே சைஸ். பட்டையோட சேர்த்துத் தைச்சுட்டா வேலை முடிஞ்சுதுன்னு ஒருத்தர் சொல்றார். செய்யலாமா?

ஈயக்குண்டு · நவம்பர் 2, இரவு 10:52

தைக்காதீங்க தம்பி. இடது இடுப்பில் டி-ரிங் இருக்கு, வலதில் இல்லை. அப்படித்தானே? அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்க.

புதுத்துடுப்பு · நவம்பர் 2, இரவு 10:58

ஆமாண்ணா. இடதில் மட்டும்தான்.

ஈயக்குண்டு · நவம்பர் 3, காலை 6:40

அப்ப பாதி விடை கிடைச்சாச்சு. இடது பாக்கெட்டும் நழுவத்தான் பார்க்குது. டி-ரிங்கைப் பிடிச்சு வெச்சிருக்கிற ஸ்லைடு (பட்டை கோக்கிற உலோகச் சட்டம்) முன்னாடி குறுக்க நிக்கிறதால வர முடியலை. வழக்கமான ஹார்னஸில் வலது இடுப்பில் ஒண்ணுமே இருக்காது. அங்க லைட் பேட்டரி மாட்டுறவங்களுக்கு அதுவே தடுப்பு. நமக்கு வெறும் பட்டை.

ஏன் முன்னாடி வருதுன்னா: கடலில் நீங்க கவிழ்ந்து படுத்த மாதிரி நீந்துறீங்க. அப்ப இடுப்புப் பட்டை முதுகிலிருந்து விலா ஓரமா நேர் செங்குத்தா கீழ இறங்கி வயித்துக்கு வருது. பாக்கெட் தொங்குறது அந்தச் செங்குத்துப் பகுதியில். ஈயம் கீழதான் போகும், கீழன்னா உங்க வயிறு. 2 கிலோ ஈயம் தண்ணிக்குள்ளயும் 1.8 கிலோவுக்கு இழுக்கும். ஈயத்தோட அடர்த்தி 11.3, அதனால தண்ணி தூக்கிக் கொடுக்கிறது ரொம்பக் கொஞ்சம். குளத்தில் பாதி நேரம் முழங்கால் போட்டு நிக்கிறீங்க. அப்ப பட்டை கிடைமட்டம், பாக்கெட்டுக்கு நழுவ வழியே கிடையாது. வெயிட்டும் பாதிதான். குளத்தில் ஒழுங்கா இருந்துச்சுங்கறது இந்த விஷயத்தில் செல்லாத சாட்சி.

தீர்வு ஒரே ஒரு மூணு கம்பி ஸ்லைடு. எங்க போடணும்ங்கறதுதான் சூட்சுமம். பாக்கெட்டோட முதுகைத் திருப்பிப் பாருங்க. பட்டை நுழையறதுக்கு ரெண்டு வளையமா, இல்லை ஒரே அகலமான சுரங்கமா?

புதுத்துடுப்பு · நவம்பர் 3, காலை 8:20

ரெண்டு வளையம். நடுவில் நாலு விரல் நுழையற இடைவெளி.

ஈயக்குண்டு · நவம்பர் 3, மதியம் 1:05

நல்லது. கோக்கிற வரிசை இது. முதுகுப் பக்கமிருந்து வர்ற பட்டையைப் பின் வளையத்தில் விடுங்க. அடுத்து ஸ்லைடு: முதல் துளையில் உள்ளிருந்து வெளிய எடுத்து, நடுக் கம்பி மேல போட்டு, ரெண்டாவது துளையில் உள்ள இறக்குங்க. அப்புறம் முன் வளையம். இப்ப ஸ்லைடு ரெண்டு வளையத்துக்கும் நடுவில் சிறைபட்டிருக்கும். பாக்கெட் முன்னாடி போக நினைச்சா பின் வளையம் ஸ்லைடில் இடிக்கும், பின்னாடி போக நினைச்சா முன் வளையம் இடிக்கும். ஒரே ஸ்லைடு ரெண்டு பக்கமும் காவல்.

பின் பக்கக் காவல் எதுக்குன்னு கேப்பீங்க. மேல வந்து மல்லாந்து படுத்துக் கால் துடுப்பை அடிச்சுப் படகுக்குப் போறப்ப புவியீர்ப்பு தலைகீழாகுது, பாக்கெட் பேக்பிளேட் ஓரத்துக்கு ஓடும். அங்க போயிட்டா, அவசரத்துக்கு ஈயப் பையை உருவுற கைப்பிடி கைக்கு எட்டாது. முன்னாடி நழுவுறது தொந்தரவு, பின்னாடி நழுவுறது ஆபத்து.

நாலு விரல்னா சுமார் 7 செ.மீ. இடைவெளி. ஸ்லைடு அதில் 3 செ.மீ.தான் அடைக்கும். மீதி 4 செ.மீ. பாக்கெட் ஆடும். அதை சைக்கிள் டியூப் வளையத்தால நிரப்பலாம், ஸ்லைடுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு.

ஒரே சுரங்கம் இருக்கிற பாக்கெட்டுன்னா ரெண்டு ஸ்லைடு வேணும், முன்னும் பின்னும்.

அல்சூர்காரன் · நவம்பர் 3, இரவு 9:30

டியூப்னு சொன்னா எல்லாரும் கைக்குக் கிடைச்சதை வெட்டிடுறாங்க. 26 இன்ச் மலை சைக்கிள் டியூபைத் தட்டையா வெச்சா அகலம் 4 செ.மீ. சுத்தி வரும், 5 செ.மீ. பட்டைக்கு அளவான இறுக்கம். ரேஸ் சைக்கிளோட ஒல்லி டியூப் ஏறவே அழும், ஏறினாலும் பட்டையை ஓரத்தில் சுருட்டிடும். ஸ்கூட்டர் டியூப் தொளதொளன்னு நிக்கும், பிரயோஜனம் இல்லை. வளையம் 2.5 செ.மீ. அகலமா வெட்டுங்க. ஒல்லியா வெட்டினா உருண்டு கயிறு மாதிரி ஆகிடும். கத்திரியை ஒரே இழுப்பில் ஓட்டணும். வெட்டில் சின்னப் பிசிறு இருந்தாலும் கிழிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

பஞ்சர் கடையில் பழைய டியூப் சும்மாவே குடுப்பாங்க. உள்ள இருக்கிற வெள்ளைப் பவுடரைக் கழுவிடுங்க. கழுவலைன்னா அதுவே வழுக்கும்.

மூச்சுமுட்டி · நவம்பர் 3, இரவு 11:12

எல்லாரும் பட்டையையே திட்டுறீங்க. ஆழத்தில் வெட்சூட் (ரப்பர் நீச்சல் உடை) அமுங்குது, இடுப்பு சிறுக்குது, பெல்ட் லூஸ் ஆகுது. அதான் காரணம். பெல்ட்டை நல்லா இறுக்கிக் கட்டச் சொல்லுங்க, ஸ்லைடே வேணாம்.

ஈயக்குண்டு · நவம்பர் 4, காலை 6:15

கணக்குப் போட்டுப் பாத்துடலாம். 3 மி.மீ. சூட், 20 மீட்டர் ஆழம், அழுத்தம் 3 பார். தாராளமா பாதி தடிமன் போச்சுன்னே வெச்சுக்குவோம், 1.5 மி.மீ. சுற்றளவில் அது ரெண்டு பை தடவை, அதாவது 9 மி.மீ. சொச்சம். ஒரு செ.மீ. கூட இல்லை. 7 மி.மீ. சூட் போடுற குளிர் நாட்டுக்காரங்களுக்கு இது பெரிய விஷயம். நம்ம 28 டிகிரி தண்ணியில் இதைவிட அதிகமா லூஸ் ஆகுறது படகில் நிமிர்ந்து நின்னு கட்டின பெல்ட் படுத்ததும் தளர்றதாலதான். நைலான் பட்டை நனைஞ்சா கொஞ்சம் நீளும், அதையும் சேத்துக்கலாம்.

அதனால தண்ணிக்குள்ள இறங்கி, படுத்த நிலைக்கு வந்து, இன்னொரு தடவை இறுக்குறது நல்ல பழக்கம். அதுவரைக்கும் உங்களோட ஒத்துப்போறேன். ஆனா இறுக்கத்தை மட்டும் நம்பினா மூச்சு விடுறதில் இடிக்கும்.

மூச்சுமுட்டி · நவம்பர் 4, காலை 9:02

என் பேரைப் பாத்துட்டுத்தானே சொல்றீங்க.

கடல்பூனை · நவம்பர் 4, இரவு 8:45

நீங்க எல்லாரும் தண்ணிக்குள்ள நழுவுறதையே பேசுறீங்க. ஈயம் தொலையறது பெரும்பாலும் தண்ணிக்கு மேல. சின்னப் படகு, தண்ணியிலேயே கிட்டை (டேங்க், பேக்பிளேட் மொத்தத்தையும்) கழட்டிப் படகுக்காரர் கையில் குடுக்கணும். பக்கிளைத் திறந்த நொடியில் பட்டையோட வால் முனை சும்மா தொங்குது. பக்கிள் கோத்திருக்கிற பக்கம் கவலை இல்லை, பாக்கெட் பக்கிளில் முட்டி நிக்கும். வால் முனைப் பக்கம் தடுக்க எதுவுமே இல்லை. படகுக்காரர் டேங்க் வால்வைப் பிடிச்சுத் தூக்குறார், பட்டை நேராத் தொங்குது, பாக்கெட் வழுக்கிட்டு அடியில் போய்ச் சேருது. அடியில் யாராவது இருந்தா அவங்க தலையில்.

அதனால ஸ்லைடு போட்டாலும் போடலைன்னாலும் வரிசை இது: முதல்ல ஈயப் பையை உருவி மேல குடு, அப்புறம் கிட். அலை இருந்தா ரெண்டு பையையும் ஒரே கையில் பிடிக்காதீங்க.

இன்னொண்ணு, புதுசா வந்தவங்க குழம்புற இடம். தனி வெயிட் பெல்ட்டில் பக்கிளைத் திறந்தா வெயிட் மொத்தமும் விழுந்துடும். ஹார்னஸில் கோத்த பாக்கெட் அப்படி இல்லை. பக்கிளைத் திறந்தாலும் பட்டை முதுகிலதான் மாட்டியிருக்கு, வெயிட் உங்களோடவே இருக்கும். அவசரத்துக்கு வெயிட்டை விடணும்னா பாக்கெட்டுக்குள்ள இருக்கிற பையை உருவுற வசதி இருந்தே ஆகணும். பாக்கெட்டை அசையாம வைங்க, உள்ள இருக்கிற பையைக் கட்டிப்போடாதீங்க. டியூபை பாக்கெட்டுக்கு வெளிய சுத்தி மாட்டுறவங்களை நினைச்சுத்தான் சொல்றேன்.

புதுத்துடுப்பு · நவம்பர் 4, இரவு 9:20

அக்கா, டியூபை வெளிய சுத்துறதுதான் என் திட்டமா இருந்துச்சு. விட்டாச்சு.

அல்சூர்காரன் · நவம்பர் 5, காலை 7:50

ஸ்லைடு எங்க வாங்குறதுன்னு தனிச்செய்தியில் ரெண்டு பேர் கேட்டாங்க, இங்கயே எழுதிடறேன். டைவிங் கடையில் ஆர்டர் பண்ணினா 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வரும், முடிஞ்சுது. எஸ்.பி. ரோடு, சிக்பேட் சந்துகளில் பை, பெல்ட் சாமான் விக்கிற கடைகளிலும் 2 இன்ச் ஸ்லைடு கிடைக்கும். ஆனா கடைக்காரர் "எஸ்எஸ் தான் சார்"னு காந்தத்தை ஒட்டிக் காட்டுவார், ஒட்டாது. அதை வெச்சு ஏமாறாதீங்க. 316 ஒட்டாது, 304 ஒட்டாது, மலிவான 202-உம் ஒட்டாது. உப்புத் தண்ணி பட்ட பிறகுதான் சாயம் வெளுக்கும். குரோம் பூசின இரும்புன்னா காந்தம் காட்டிக்கொடுக்கும்.

வாங்குறப்ப உங்க பட்டையில் ஒரு துண்டு கையில் கொண்டு போங்க. நடுக் கம்பியில் பல் வெட்டினதா இருந்தா உத்தமம். துளை அகலத்தையும் பாருங்க. டைவிங் பட்டை 2.5 மி.மீ. பக்கம் தடிமன், விறைப்பு. பைக்குத் தைக்கிற பட்டை அதில் பாதிதான். அதுக்கு இந்த ஸ்லைடு போட்டா தாராளமா ஓடும்.

ஈயக்குண்டு · நவம்பர் 5, மதியம் 2:30

அல்சூர்காரர் சொன்ன கடைசி வரிக்கு ஒரு சேர்க்கை. பாதிப் புகார்களுக்கு வேர் பட்டையே. ஹார்னஸை மலிவா முடிக்கப் பார்த்து பை விக்கிற கடைப் பட்டையைக் கோத்திருப்பாங்க, அது பாலிப்ரொப்பிலீன். வழவழன்னு இருக்கும், வெயிலில் சீக்கிரம் பொடியும், எந்த ஸ்லைடும் கடிக்காது. கண்டுபிடிக்க: ஒரு விரல் நீளம் வெட்டி, வாளித் தண்ணிக்குள்ள வெச்சுக் காத்துக் குமிழ் போகுற வரைக்கும் நசுக்கி, விட்டுடுங்க. மிதந்தா பாலிப்ரொப்பிலீன். நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும். மிதக்கிற பட்டையில் ஸ்லைடு தேடிக்கிட்டு இருக்காதீங்க, பட்டையையே மாத்துங்க.

நல்ல பட்டை, ஆனா துளை கொஞ்சம் பெருசு, ஸ்லைடு மெல்ல ஊருதுன்னா: டியூபில் 5 செ.மீ.க்கு 3 செ.மீ. துண்டு வெட்டி நடுக் கம்பிக்கும் பட்டைக்கும் இடையில் சொருகிக் கோத்துடுங்க. கோக்கிறதுக்கே இடுக்கி வேணும்னு தோணுற அளவு இறுகினா சரியான இறுக்கம். டி-ரிங் தோளில் இறங்கி வர்றதுக்கும் இதே மருந்து.

மூச்சுமுட்டி · நவம்பர் 5, இரவு 10:40

பட்டையை ஒரு முறுக்கு முறுக்கி வளையத்துக்குள்ள விட்டா நிக்குமே? வெயிட் பெல்ட்டில் காலங்காலமா அப்படித்தானே.

ஈயக்குண்டு · நவம்பர் 6, காலை 6:30

ரெண்டு துளை இருக்கிற ஈயக்கட்டியில் நிக்கும். முறுக்கு ஈயத்தோட ரெண்டு துளைக்கும் நடுவில், கெட்டியான இடத்தில் மாட்டிக்குது. துணி வளையத்தில் முறுக்கினா வளையம் நெகிழ்ந்து கொடுத்துடும், முறுக்கு இடுப்பெலும்பில் கட்டியாக் குத்தும், அதுக்கு அப்புறம் வர்ற பட்டை முழுக்கக் கோணல். ஈயக்கட்டிக்குச் சரி, பாக்கெட்டுக்கு வேணாம்.

கடல்பூனை · நவம்பர் 6, காலை 7:15

தைக்கிறது ஏன் கூடாதுன்னு யாருமே சொல்லலை. ஒரே துண்டுப் பட்டை தோள், இடுப்பு ரெண்டையும் தாங்குது. நடுவில் ஊசி ஏறின இடம் பலவீனம். அதைவிட, சூட் மாறினா, உடம்பு மாறினா பாக்கெட் இடம் மாறணும். தைச்சா ஒவ்வொரு தடவையும் பிரிக்கணும். பழுக்கக் காய்ச்சின ஆணியால ஓட்டை போட்டு போல்ட் முடுக்குறவங்களுக்கும் இதேதான். பிளாஸ்டிக் டை போடுறவங்க வெட்டின முனையில் சூட்டைக் கிழிச்சுக்குவாங்க, பட்டையில் டை வழுக்கவும் செய்யும்.

பாக்கெட்டைத் தைக்கலாம், அது வேற. சில பாக்கெட்டில் வளையம் 6, 7 செ.மீ. அகலமா இருக்கும். 5 செ.மீ. பட்டையில் அது சாய்ஞ்சு தொங்கும், வளையம் ஸ்லைடு மேல ஏறித் தாண்டியும் போயிடும். அந்த வளையத்தோட ஓரத்தில் ஒரு தையல் போட்டு 5.2 செ.மீ.க்குச் சுருக்கலாம். செருப்புத் தைக்கிறவர் கிட்ட குடுத்தா கனமான பாலியெஸ்டர் நூலில் அஞ்சு நிமிஷ வேலை. பருத்தி நூல் போடாம பாத்துக்கோங்க, ஈரத்தில் இத்துப்போகும்.

புதுத்துடுப்பு · நவம்பர் 6, இரவு 8:10

ஸ்லைடு கோத்துட்டேன். கடலுக்குப் போகாம இங்கயே சோதிக்க வழி இருக்கா? முருடேஸ்வர் வரைக்கும் ராத்திரி பூரா பஸ்ஸில் போய் அங்க தெரியவந்தா வயிறு எரியும்.

ஈயக்குண்டு · நவம்பர் 6, இரவு 10:05

இருக்கு. இடுப்புப் பட்டையை வாளியில் ஒரு மணி நேரம் ஊறவைங்க. காய்ஞ்ச பட்டையில் சோதிச்சா பொய்ப் பாஸ் மார்க்கு கிடைக்கும். பாக்கெட்டில் கடலுக்கு எடுக்கிறதைவிட ஒண்ணரை மடங்கு ஏத்துங்க, 2 கிலோவுக்கு 3. ஈயம் இல்லைன்னா கட்டிப் போட்ட மணல் பை போதும். ஸ்லைடோட ரெண்டு ஓரத்திலும் பட்டையில் வெள்ளைப் பெயிண்ட் பேனாவால கோடு. வால் முனை கீழ இருக்கிற மாதிரி பேக்பிளேட்டைத் தூக்கிப் பிடிச்சுப் பத்து தடவை உதறுங்க. அப்புறம் தலைகீழாப் பிடிச்சு இன்னொரு பத்து. கோடு ரெண்டு மி.மீ. விலகினா துணி இறங்கிச் சமம் ஆகுது, பரவாயில்லை. ஒரு செ.மீ. விலகினா டியூப் துண்டு சொருகுற கதைதான்.

கோட்டை அழிக்காதீங்க. ஒவ்வொரு டைவுக்கு முன்னாடியும் ஒரு பார்வையில் தெரிஞ்சுடும்.

கடல்பூனை · நவம்பர் 6, இரவு 10:20

உதறுறப்ப கீழ வீட்டுக்காரர் நினைவு இருக்கட்டும். மொசைக் தரையில் 3 கிலோ விழுந்தா சத்தம் மெஜஸ்டிக் வரைக்கும் கேக்கும்.

அல்சூர்காரன் · நவம்பர் 7, மதியம் 12:40

கொஞ்சம் விலகிப் போறேன். ஜே.சி. ரோடில் டயர் பேலன்ஸ் பண்ணுற ஈயத் துண்டுகளை மொத்தமா வாங்கி உருக்கி, பாக்கெட் அளவுக்கு நாமே வார்க்கலாமே? கட்டியும் பாக்கெட்டும் அச்சாப் பொருந்தினா உள்ள ஆட்டமே இருக்காது.

ஈயக்குண்டு · நவம்பர் 7, இரவு 7:55

வேண்டவே வேண்டாம். இப்ப வர்ற டயர் துண்டில் துத்தநாகமும் இரும்பும் கலந்து கிடக்கு, எது ஈயம்னு பிரிக்கிறதே வேலை. வீட்டுப் பால்கனியில் ஈயம் உருக்கினா தூசியும் புகையும் குழந்தைங்க உடம்பில் சேரும். அச்சில் ஒரு துளி ஈரம் இருந்தா உருகின ஈயம் வெடிச்சு முகத்தில் தெறிக்கும். டைவ் கடை ஈயம் கடனாத் தருது, அதை வாங்கிக்கோங்க. விமானத்தில் அந்தமான் போனாலும் வெறும் பாக்கெட்டைக் கொண்டு போனாப் போதும். 15 கிலோ பேக்கேஜில் ஈயத்துக்கு ஏது இடம்.

ஆனா உள்ள ஆட்டம்னு சொன்னது நியாயமான புள்ளி. கடைக்குக் கடை கட்டி வடிவம் வேற. 1 கிலோ கட்டி ரெண்டை 4 கிலோ பாக்கெட்டில் போட்டா உள்ளயே முன்ன பின்ன ஓடும், பாக்கெட் நழுவினது மாதிரியே தோணும். பழைய வெட்சூட் துணியை மடிச்சு மிச்ச இடத்தில் அடைங்க. சின்னத் துண்டுதான், அதோட மிதப்பு கணக்கில் வராது.

மூச்சுமுட்டி · நவம்பர் 8, காலை 8:30

அடிப்படைக் கேள்வி: அவருக்கு 4 கிலோ தேவையா முதல்ல? குளத்தில் 2 போதும்னா கடலில் ஏன் இரட்டிப்பு?

ஈயக்குண்டு · நவம்பர் 8, காலை 9:10

நல்ல கேள்வி, இதை முதல் நாளே கேட்டிருக்கணும். கடல் தண்ணி குளத்துத் தண்ணியைவிட சுமார் 2.5 சதவீதம் கனம். ஆளும் கிட்டும் சேர்ந்து 90 கிலோன்னா கடலில் கூடுதலா 2.25 கிலோ வேணும். அதனால 2 கிலோ 4 ஆனது கணக்குக்கு ஒத்து வருது. சரிபார்க்க: டைவ் முடிவில் டேங்கில் 50 பார் இருக்கிறப்ப, விங் (முதுகில் இருக்கிற மிதப்புக் காத்துப் பை) காலியா இருக்கிறப்ப, 5 மீட்டரில் அசையாம நிக்க முடியணும். அலுமினியம் 80 டேங்க் 200 பாரிலிருந்து 50க்கு வர்றதுக்குள்ள 2 கிலோ காத்தை இழந்துடும், அதனால நிறைஞ்ச டேங்கில் சோதிச்சா பிரயோஜனம் இல்லை. அந்த இடத்தில் 1 கிலோ குறைக்க முடிஞ்சா குறைங்க. இடுப்பில் எடை குறைஞ்சா நழுவுறதும் குறையும். அலுமினிய பேக்பிளேட்டை 2.7 கிலோ ஸ்டீல் பிளேட்டா மாத்தினா பாக்கெட்டில் இருந்து ஏறக்குறைய ஒண்ணரை கிலோ முதுகுக்குப் போயிடும், நழுவ முடியாத இடத்துக்கு.

அதே கணக்கைத் திருப்பிப் பாருங்க: அந்த 5 மீட்டரில் ஒரு பாக்கெட் கழண்டு விழுந்தா 2 கிலோ போச்சு, நிக்கவே முடியாது, நேரா மேலதான். ஒரு பக்கம் மட்டும் போறதால உடம்பு உருளவும் செய்யும். இந்த இழை இவ்வளவு நீளறதுக்கு அதான் நியாயம்.

புதுத்துடுப்பு · நவம்பர் 18, இரவு 9:45

வலது இப்ப நிக்குது. 3 கிலோவில் 5 மீட்டரில் நிக்க முடிஞ்சுது. ரெண்டு புதுப் பிரச்சினை. ஸ்லைடு விளிம்பு இடுப்பில் அழுத்துது. பையை உருவுறப்ப வலது பக்கம் எதுலயோ சிக்குது.

கடல்பூனை · நவம்பர் 18, இரவு 10:10

ஸ்லைடைத் தலைகீழாக் கோத்திருப்பீங்க. பட்டை நடுக் கம்பிக்கு வெளிப்புறமா போகணும். அப்பதான் உடம்புப் பக்கம் நடுக் கம்பி மட்டும் படும். மாத்திக் கோத்தா வெளிச் சட்டத்தோட ரெண்டு கம்பியும் இடுப்பில் குத்தும். சிக்குறதுக்குக் காரணம் டியூப் வளையம் ஒண்ணு விலகி பாக்கெட் வாய்ப் பக்கம் எட்டிப் பாக்கறதா இருக்கும், அதை ஸ்லைடை ஒட்டித் தள்ளுங்க. சரி பண்ணின பிறகு கையுறையோட, கண்ணை மூடி, ஒரே கையால உருவிப் பாருங்க, ரெண்டு பக்கமும். வெல்க்ரோ வெச்ச பாக்கெட்டுன்னா கொக்கிப் பக்கத்தில் மணல் சேர்ந்திருக்கும், பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால எடுத்துடுங்க.

புதுத்துடுப்பு · நவம்பர் 19, காலை 7:30

தலைகீழ்தான்க்கா. திருப்பிக் கோக்கிறப்ப பட்டை முனை பிசிறடிச்சுத் துளையில் ஏற மாட்டேங்குது.

அல்சூர்காரன் · நவம்பர் 19, காலை 8:05

முனையைச் சாய்வா வெட்டி லைட்டரில் லேசா உருக்குங்க. அப்படியே ஆறவிட்டா கட்டி தட்டிப்போய் ஸ்லைடு துளையில் நுழையாது. சூடு இருக்கிறப்பவே கரண்டி முதுகால தட்டையா அழுத்திடுங்க. வெரலால வேணாம், உருகின நைலான் தோலோட ஒட்டிக்கும். வால் 15 செ.மீ.க்குக் குறையாம வெட்டுங்க, இல்லைன்னா 5 மி.மீ. சூட் போட்டா பக்கிள் எட்டாது.